கல்யாண வீடியோவும் கவுன்டர் பில்லும் ஒரே கம்ப்யூட்டரில்

தை பிறந்தாலும் வைகாசி வந்தாலும் மதுரை ஸ்டுடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். சிபியுவில் 8 கோர் (தனித்தனியே வேலை செய்யும் எட்டுப் பகுதிகள்), 16 ஜிபி மெமரி, லினக்ஸ் போட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டர். முகூர்த்த வீடியோ ரெண்டர் ஆவது, அதாவது எடிட் செய்தது முழு வீடியோவாக உருவாவது, அதில்தான்; கவுன்டரில் பில் போடுவதும், ஆல்பத்தைப் பிரிண்டுக்கு அனுப்புவதும் அதில்தான். ரெண்டர் ஓட ஆரம்பித்ததும் பில் திரை அப்படியே நின்றுவிடும், மவுஸ் விட்டுவிட்டு நகரும். "அண்ணே, மிஷின் பழசாயிருச்சுண்ணே, புதுசு வாங்கிருவோம்" என்பார் கடைப் பையன்.

வாங்கலாம். ஆனால் புது மிஷினில் 16 கோர் இருந்தால் ரெண்டர் அந்த 16-ஐயும் எடுத்துக்கொள்ளும். அதன் மேல் குற்றமில்லை. கிடைப்பதையெல்லாம் இழுத்துப் போட்டு வேலையைச் சீக்கிரம் முடிக்கும்படிதான் அதை எழுதியிருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக் கொடுப்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் வேலை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எல்லோரையும் சமமாகவே நடத்தும். ரெண்டரின் எட்டு த்ரெட்டுகளில் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகளில்) ஒவ்வொன்றும் கவுன்டரின் ஒரே ஒரு த்ரெட்டும் அதற்கு ஒன்றுதான்.

ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். பல வேலைகள் ஒன்றாக ஓடுவதுபோல் தெரிவது, கர்னல் சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதால். ஒவ்வொரு ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமும்) இதுவரை எவ்வளவு நேரம் ஓடியது என்று கர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கும். யாருடைய கணக்கு குறைவாக இருக்கிறதோ, அடுத்த முறை அவருக்கு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: எடை, அதாவது முன்னுரிமை, கூடிய ப்ராசஸுக்கு இந்தக் கணக்கு மெதுவாக ஏறும், அதனால் அதற்கு அடிக்கடி முறை வரும். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்து விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஏக்கர் கூடினால் நேரமும் கூடும். ஒரு வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாத நாளில் அந்த முறை வீணாகாமல் அடுத்த மடைக்குப் போய்விடும். இந்தக் கணக்கோடு லினக்ஸ் கர்னலுக்குள் 2007-இல் வந்தது சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர், அதாவது முறை பிரிக்கும் பகுதி. 2023-இல் வந்த 6.6 பதிப்பில் அதன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது. எடையை வைத்துப் பங்கு பிரிப்பது மட்டும் மாறவில்லை.

அந்த எடையை மாற்றுகிற பழைய கருவிதான் 'நைஸ்'. மைனஸ் 20-இலிருந்து 19 வரை ஒரு எண். எண் கூடக் கூட அந்த ப்ராசஸ் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு படிக்கும் எடை சுமார் 1.25 மடங்கு மாறும்: நைஸ் 0 என்றால் எடை 1024, 10 என்றால் 110, 19 என்றால் வெறும் 15. ஒரே கோருக்கு நைஸ் 0 ஒன்றும் நைஸ் 19 ஒன்றும் விடாமல் போட்டி போட்டால், பின்னதற்குக் கிடைப்பது சுமார் 1.4 சதவீதம். போட்டி இல்லையென்றால்? முழுக் கோரும் அதற்கே. இரவு கடை அடைத்த பிறகு ரெண்டர் ஒரு தடையும் இல்லாமல் ஓடும், காலையில் பில் போட ஆரம்பித்ததும் ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண யூசர் தன் ப்ராசஸின் எண்ணைக் கூட்டலாம். குறைக்க ரூட் உரிமை, அதாவது மிஷினின் முழு நிர்வாக உரிமை, வேண்டும்.

எல்லா மிஷினிலும் நைஸ் நினைத்தபடி வேலை செய்யும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2011-இல் 'ஆட்டோகுரூப்' என்ற வசதி கர்னலில் சேர்ந்தது. அது ஒரு டெர்மினலில் (கமாண்டு தட்டும் திரையில்) துவங்கியவற்றை ஒரு கூட்டமாகக் கட்டி, முதலில் கூட்டங்களுக்கிடையே சமமாகப் பிரிக்கும். நைஸ் எண் செல்லுபடியாவது கூட்டத்துக்கு உள்ளேதான். ஒரு டெர்மினலில் 19 கொடுத்துவிட்டு இன்னொரு டெர்மினலில் வித்தியாசமே தெரியவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

நைஸ் பங்கை மட்டும்தான் சொல்லும்; 'இதற்கு மேல் கிடையாது' என்று சொல்லத் தெரியாது. அதற்கென்று யூனிக்ஸில் ஏற்கெனவே இருந்தது 'யூலிமிட்'. எத்தனை ஃபைல் திறக்கலாம், எவ்வளவு சிபியு நேரம் எடுக்கலாம், எவ்வளவு மெமரி கேட்கலாம் என்று வரம்பு போடலாம். குறை என்னவென்றால், இந்த வரம்புகளில் பெரும்பாலானவை ப்ராசஸுக்கு ஒன்றாக எண்ணப்படுகின்றன. 2 ஜிபி என்று கட்டிவைத்த ப்ராசஸ் பத்துப் பிள்ளைகளை, அதாவது துணை ப்ராசஸ்களை, பெற்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 2 ஜிபி. பிரவுசர் மாதிரி டஜன் கணக்கில் ப்ராசஸ் திறக்கும் புரோகிராமை இதை வைத்து அடக்க முடியாது.

கூட்டுக் குடும்பத்துக்கே சேர்த்துக் கணக்கு வைக்கவேண்டும் என்று 2006-இல் கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய வேலைதான் இன்றைய 'சிகுரூப்'. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் அது சேர்ந்தது. திருத்தி எழுதிய இரண்டாம் பதிப்பு 2016-இல் வந்தது. ஒரு குரூப்பில் இருக்கிற ப்ராசஸ் பெறும் பிள்ளைகளெல்லாம் பிறக்கும்போதே அதே குரூப்பில்தான் இருக்கும். கல்லூரி லேபில் யாராவது விளையாட்டாகத் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போகும் புரோகிராமை ஓட்டினால்கூட, குரூப்புக்கு 200 ப்ராசஸ் என்று போட்டிருந்தால் 201-ஆவது பிறக்காது.

இதைக் கையாளத் தனி மென்பொருள் வேண்டாம். 'சிஸ்' ஃபோல்டருக்குள் 'எஃப்எஸ்', அதற்குள் 'சிகுரூப்' என்று போய் ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கினால் அதுதான் குரூப். உண்டாக்கிய நொடியே உள்ளே ஃபைல்கள் தாமாக நிற்கும். அவை டிஸ்கில் இல்லை. கர்னல் தன் கணக்குப் புத்தகத்தை ஃபைல் மாதிரி காட்டுகிறது, அவ்வளவுதான். 'சிபியு.மேக்ஸ்' ஃபைலில் 200000 100000 என்று எழுதினால், ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் 200 மில்லிசெகண்டு சிபியு நேரம், அதாவது இரண்டு கோர் அளவு, என்று பொருள். இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் உட்கார்ந்து குபர்நெட்டிஸில் (பல சர்வர்களில் புரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருளில்) 'அரை சிபியு' என்று வரம்பு போடுபவருக்கும் கடைசியில் சர்வரின் இதே ஃபைலில் 50000 100000 என்றுதான் விழுகிறது.

இரண்டு கோர் அளவு என்றால் இரண்டு கோரில் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. எட்டு த்ரெட் உள்ள ரெண்டர் எட்டு கோரிலும் பாயும். 200 மில்லிசெகண்டுப் பங்கை 25 மில்லிசெகண்டிலேயே தின்று தீர்த்துவிடும். மீதி 75 மில்லிசெகண்டுக்கு மொத்தக் குரூப்பும் அசையாமல் கிடக்கும். அப்புறம் மறுபடி 25. ரெண்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சர்வருக்கு இதே வரம்பைப் போட்டால், சராசரி சிபியு பயன்பாடு குறைவாகக் காட்டும்போதே பதில் மட்டும் திக்கித் திக்கி வரும். அதோடு, மிஷின் சும்மா இருக்கும் நடுராத்திரியிலும் இந்த உச்சவரம்பு விடாது. அதனால் சிபியுவுக்கு நான் உச்சவரம்பை அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. 'சிபியு.வெயிட்' போதும்: வழக்கமான எடை 100, ரெண்டர் குரூப்புக்கு 10. நெருக்கடி வந்தால் மட்டும் அது ஒதுங்கும்.

மெமரிக்கு இந்தத் தாராளம் ஆகாது. சிபியு நேரத்தை இப்போது கொடுக்காமல் அப்புறம் கொடுக்கலாம், வேலை தாமதமாகும், கெடாது. மெமரியில் ஒரு ப்ராசஸ் எழுதிவைத்ததை டிஸ்குக்கு மாற்றாமல் பிடுங்கினால் அது செத்துவிடும். போதாததற்கு கர்னல் வாக்குறுதிகளை அள்ளி வீசும் சுபாவம் உள்ளது. 12 ஜிபி கேட்டால் சரி என்று சொல்லிவிடும்; நிஜமான இடத்தை, ப்ராசஸ் அதைத் தொட்ட பிறகு, வழக்கமாக 4 கேபி 4 கேபியாகத்தான் ஒதுக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் தொட்டால் முதலில் டிஸ்கில் எழுதி, படித்து, எழுதி மிஷின் திணறும். அப்புறம், மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கர்னலின் 'ஊம் கில்லர்' கிளம்பும். அது பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருக்கும் ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். வீடியோ வேலை நாலைந்து ப்ராசஸாகப் பிரிந்து கிடந்தால், அந்தப் பெரிய தலை பில் டேட்டாபேஸாகவும் இருக்கலாம்.

குரூப்புக்கு 'மெமரி.மேக்ஸ்' 10 ஜிபி என்று போட்டுவிட்டால், அதைத் தாண்டும்போது கொலை அந்தக் குரூப்புக்குள்ளேயே முடிந்துவிடும். டேட்டாபேஸ் பக்கம் வராது. அதற்குக் கொஞ்சம் கீழே 'மெமரி.ஹை' 9 ஜிபி என்று ஒரு கோடு கிழித்து வைப்பது நல்லது. அதைத் தொட்டால் கர்னல் கொல்லாது. குரூப்பின் வேகத்தைக் குறைத்து, திரும்பப் பெறக்கூடிய மெமரியைப் பிடுங்கப் பார்க்கும். வீடியோ ஃபைல்களைப் படிக்கும்போது கர்னல் மெமரியில் பிடித்துவைக்கும் கேஷும் (ஃபைலின் நகலும்) இந்தக் கணக்கில்தான் ஏறும். எனவே குரூப்பின் இப்போதைய மெமரி அளவைக் காட்டும் 'மெமரி.கரண்ட்' எப்போதும் கோட்டை ஒட்டியே நின்றால் பதற வேண்டியதில்லை. முதலில் உதிர்வது அந்தக் கேஷ்தான்.

ஒவ்வொரு முறையும் ஃபோல்டர் உண்டாக்கச் சோம்பலாக இருந்தால், சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் துவக்கி நிர்வகிக்கும் புரோகிராம்) உள்ள லினக்ஸில் 'சிஸ்டம்டி-ரன்' கமாண்டோடு இந்த எண்களைச் சேர்த்து ரெண்டரைத் துவக்கினால் போதும், குரூப்பை அதுவே போட்டு, முடிந்ததும் எடுத்துவிடும். விண்டோஸில் இதே வேலைக்கு 'ஜாப் ஆப்ஜெக்ட்' உண்டு, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே.

போட்ட எண் சரியா என்பதை கர்னலிடமே கேட்கலாம். 'சிபியு.ஸ்டாட்' ஃபைலில் எத்தனை முறை குரூப் நிறுத்திவைக்கப்பட்டது என்ற எண்ணிக்கை இருக்கும். அது மளமளவென்று ஏறினால் உச்சவரம்பு இறுக்கம். 'மெமரி.ஈவென்ட்ஸ்' ஃபைலில் ஹை, மேக்ஸ், கொலை என்று தனித்தனி வரிகள். ஹை மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் ரெண்டர் மெதுவாகப் போகிறது என்று அர்த்தம், விட்டுவிடலாம். கொலை வரியில் பூஜ்யம் ஒன்றாக மாறியிருந்தால் 10-ஐ 11 ஆக்கிப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் இரண்டு வீடியோவை ஒரே நேரத்தில் போடுவதை நிறுத்தவேண்டும்.