இயந்திரத் துப்பாக்கி: சொல்லும் பொருளும்

'மெஷின் கன்' என்பதற்கு இயந்திரத் துப்பாக்கி, எந்திரத் துப்பாக்கி, பொறித் துப்பாக்கி, தானியங்கித் துப்பாக்கி என்று பல சொற்கள் வழங்குகின்றன. முதல் மூன்றும் ஒரு பொருளன, நான்காவது அன்று. தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எந்தத் துப்பாக்கியையும் தானியங்கி எனலாம். இயந்திரத் துப்பாக்கியோ, விசையை அழுத்தியிருக்கும் வரை நிற்காமல் சுடுவதற்கென்றே, பெரும்பாலும் தாங்கியில் நிறுத்தி இயக்கப்படுவது. ஏ.கே.47ஐ இயந்திரத் துப்பாக்கி என்று செய்திகளில் எழுதுவது இந்த வேறுபாட்டைக் கவனியாததன் விளைவே.

'துப்பாக்கி' தமிழ்ச் சொல் அன்று. துருக்கியில் துஃபெக் என்றும் பாரசீகத்தில் துஃபங் என்றும் வழங்கும் சொல்லின் இனத்தது. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்னும் குறளில் இச்சொல்லைக் கண்டு மகிழ்வோர் உண்டு. அங்கே அது 'துப்பு ஆக்கி', அதாவது உணவை உண்டாக்கி. தனித்தமிழில் எழுதுவோர் சிலர் துமுக்கி என்றும் சுடுகலன் என்றும் எழுதுகின்றனர்.

'இயந்திரம்' வடமொழி 'யந்த்ர' என்பதிலிருந்து வந்தது. 'எந்திரம்' அதன் பழைய தமிழ் வடிவம். 'பொறி' இவ்விடத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரைக் கோட்டையின் காவற்கருவிகளுள் 'வளைவிற்பொறி' என ஒன்றைக் குறிக்கிறது. வளைந்து தானே எய்யும் எந்திரவில் என்பது அதற்கு உரை. 'தானே எய்யும்' என்ற அந்த இரு சொற்களில் இக்கருவியின் இலக்கணமே அடங்கிவிடுகிறது.

1862இல் காப்புரிமை பெற்ற கேட்லிங் துப்பாக்கியைச் சுடுவதற்கு ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்த ஹிராம் மாக்சிம் 1884இல் லண்டனில் உருவாக்கிய துப்பாக்கியில் அந்த வேலையைச் சுடும்போது எழும் பின்னுதைப்பே செய்தது: வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே தள்ளி, துணிப்பட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை இழுத்து, மீண்டும் சுட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 தோட்டாக்கள் பாய்வதால் சூடேறிவிடும் குழலைக் குளிர்விக்க, அதைச் சுற்றி நீர் நிரப்பிய உறை இருந்தது. ஜெர்மனியின் எம்.ஜி.08, பிரிட்டனின் விக்கர்ஸ் ஆகிய இரண்டும் இதன் வழிவந்தவை. முதல் உலகப் போரில் எதிரெதிர் அகழிகளில் இருந்தவை, ஒரு வகையில், உடன்பிறப்புகள்.

தாங்கியும் நீருறையும் சேர்ந்து கனத்த இக்கருவியைச் சுமந்து முன்னேறுவது கடினம்; ஓரிடத்தில் நிறுத்திக் காப்பது எளிது. அகழிப் போரில் தாக்குவோனைவிடக் காப்போன் கை ஓங்கியதற்கு இது பெருங்காரணம். துப்பாக்கியை நேர் எதிரே வைப்பதைவிடப் பக்கவாட்டில் வைத்து, வரிசையாக வருவோரின் நீளவாக்கில் சுடுவதே பெருஞ்சேதம் விளைத்தது. முன்னால் விரித்த முட்கம்பி, வருவோரை அந்தச் சூட்டுப் பாதையிலேயே தடுத்து நிறுத்தியது. 1916 ஜூலை 1 அன்று, ஒரு வாரம் இடைவிடாது பீரங்கியால் தாக்கிய பிறகு, பிரிட்டிஷ் படை பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் முன்னேறியது. ஆனால் பல இடங்களில் முட்கம்பி அறுபடவில்லை. ஆழத்தில் பதுங்கியிருந்த ஜெர்மானியர், பீரங்கித் தாக்குதல் தமக்குப் பின்னிருந்த இடங்களுக்கு நகர்ந்ததும் மேலேறித் துப்பாக்கிகளைச் சுடுவதற்கு நிலைநிறுத்திவிட்டனர். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பின் இழப்பு, காயமுற்றோரையும் சேர்த்து, 57,470 பேர். அவர்களுள் இறந்தோர் 19,240 பேர். அனைவரும் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையானவர் அல்லர். போர் முழுவதையும் பார்த்தால் பீரங்கியே மிகுதியானோரைக் கொன்றது.

இங்கே மற்றொரு சொல்லும் திருத்தம் வேண்டுகிறது. 'டிரெஞ்ச்' என்பதைப் பலர் பதுங்குகுழி என்றே எழுதுகின்றனர். அப்படி எழுதினால் சோமில் நடந்ததைச் சொல்லவே முடியாது: ஜெர்மானியர் குண்டுமழைக்குத் தப்பியிருந்தது மண்ணுக்கு அடியிலிருந்த பதுங்குகுழியில், ஏறி வந்து சுட்டது அகழியிலிருந்து. நீளமாக வெட்டி, நின்று போரிடும் பள்ளம் அகழி. கூரையுடன் ஒளிந்திருக்கும் இடம் பதுங்குகுழி. இரண்டுக்கும் இடையே ஏறுவதற்குச் சில நிமிடங்கள் ஆயின. தாக்க வந்தவர்கள் அதற்குள் முட்கம்பியைக் கடந்தாக வேண்டியிருந்தது.