மூச்சு இளைக்கும் பூனைக்கு சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகள் பல, ஆண்டில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ திறந்தால் முதலில் தூசி கிளம்பும். அப்புறம் பின்கட்டில் விறகடுப்பு, முற்றத்தில் காயும் மிளகாய், சாயங்காலம் சாம்பிராணி. வந்தவர்கள் நாலு தும்மல் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எலிக்காக அங்கேயே வளரும் பூனைதான் மாட்டிக்கொள்ளும். வயிற்றைத் தரையோடு அமுக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கக் கக் என்று இருமும். “முடி உருண்டையக் கக்கப் பாக்குது” என்று ஆச்சி சொல்லிவிட்டுப் போவார். எதுவும் வெளியே வராமல் இது அடிக்கடி நடந்தால், கோளாறு வயிற்றில் இல்லை, மூச்சுக்குழாயில் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பூனைக்கும் ஆஸ்துமா வரும். தூசி, புகை, மகரந்தம் போன்றவற்றைப் பார்த்து உடலின் எதிர்ப்புச் சக்தி தேவைக்கு மேல் பதறுகிறது. ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் மூச்சுக்குழாய்ச் சுவரில் குவிகின்றன. சுவர் வீங்குகிறது, சளி சேருகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இழுத்த மூச்சை வெளியே விடுவதுதான் பெரும்பாடு.

இப்படி இளைக்கும் பூனைகளுக்கு நல்லது என்று இப்போது அதிகம் அடிபடும் பெயர் சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியில் இருக்கும் கன்னாபிடியால் என்ற பொருள் அது. போதை தருவது டிஎச்சி என்ற வேறொரு பொருள். சிபிடிக்கு அந்தக் குணம் இல்லை. 1940இலேயே பிரித்தெடுத்துவிட்டாலும், அதன் மூலக்கூறு அமைப்பைச் சரியாகச் சொன்னது 1963இல், இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் குழு.

ஆஸ்துமாவுக்கு இதை யோசிக்கக் காரணம் இல்லாமல் இல்லை. ஆய்வகத்து எலிகளுக்குச் செயற்கையாக ஆஸ்துமாவை உண்டாக்கி சிபிடி கொடுத்தபோது, அழற்சியைத் தூண்டும் சில வேதிச் செய்திகள் குறைந்தன. இன்னொரு வழியும் உண்டு, அது செட்டிநாட்டுச் சமையல்கட்டுக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். மிளகாயைத் தாளிக்கும்போது வீடே இருமுகிறதே, அதற்குக் காரணம் மூச்சுக்குழாய் நரம்புகளில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற ஏற்பி, அதாவது வந்து படும் பொருளை உணர்ந்து நரம்பைத் தூண்டும் புரதம். மிளகாய்க் காரம் அதில் படுவதை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிபிடியும் அதே ஏற்பியைத் தொடுகிறது. முதலில் தூண்டி, பிறகு மரத்துப்போகச் செய்கிறது. செல்களில் பார்த்த சங்கதி இது. இதை வைத்து இருமல் அடங்கும் என்று கணக்குப் போடலாம்தான். ஆனால் சிபிடி பூனையின் ஆஸ்துமாவைத் தணிக்கிறது என்று எந்த மருத்துவச் சோதனையும் நிறுவவில்லை.

பூனைகளிடம் நடந்த ஆய்வு என்றால், 2019இல் வெளியான ஒன்றைச் சொல்லலாம். ஆரோக்கியமான 8 நாய்களுக்கும் 8 பூனைகளுக்கும் 12 வாரம் சிபிடி கொடுத்துப் பார்த்தார்கள். நாயின் இரத்தத்தில் சேர்ந்ததைவிடப் பூனையின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்ந்தது. ஒரு பூனைக்குக் கல்லீரல் நொதி அளவு ஏறியது. மருந்து கொடுக்கும்போது பூனைகள் தலையை உதறின, வாயை ஓயாமல் நக்கின.

இந்தத் தலை உதறல்தான் எனக்குப் பெரிய கவலை. சிபிடி தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால்தான் எண்ணெயில் கலந்து விற்கிறார்கள். திமிறும் பூனையின் வாயைப் பிளந்து சொட்டுவிட்டால் அது தொண்டைக்குள் போகுமா மூச்சுக்குழலுக்குள் போகுமா என்பது நம் கையில் இல்லை. தண்ணீர் தவறிப் போனால் உடனே புரையேறும். எண்ணெய் அப்படி உறுத்தாமல், இருமலைக் கிளப்பாமல், வழுக்கிக்கொண்டு நுரையீரல் வரை இறங்கிவிடும். அங்கே துப்புரவு செல்கள் அதை விழுங்கிவிட்டு அப்புறப்படுத்த முடியாமல் திணறும், அழற்சி தொடங்கும். எண்ணெய் நிமோனியா என்பது இதுதான். குளிப்பாட்டும்போது பிள்ளை மூக்கில் எண்ணெய் விடும் பழைய வழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் கூடாது என்று தடுப்பதும் இதற்காகவே. மூச்சுக்குத் தவிக்கும் பூனைக்குத் தவிப்பு தீர என்று ஊற்றிய எண்ணெயே தவிப்பைக் கூட்டினால் என்ன செய்வது?

அடுத்தது கல்லீரல். மருந்தோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டவைத்து உடலிலிருந்து கழித்துக்கட்டும் வசதி மனிதனுக்கும் நாய்க்கும் உண்டு, பூனைக்கு மிகவும் குறைவு. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும் என்பது அதனால்தான். நீலகிரித் தைலம், கற்பூரம் எல்லாம் இதே கணக்குதான், சளி என்று தடவிவிடக் கூடாது. சிபிடியோ கல்லீரல் நொதிகளைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே கொடுக்கும் வேறு மருந்தின் அளவு இரத்தத்தில் ஏற வாய்ப்பு உண்டு. தூக்கமும் வரும். நோயை மறைக்கும் பிராணி பூனை. மருந்து மயக்கத்தில் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்து குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

கடையில் ‘ஹெம்ப்’ எண்ணெய் என்று கிடைக்கும் கஞ்சா விதை எண்ணெயை சிபிடி என்று நம்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். விதையில் சிபிடி கிட்டத்தட்டக் கிடையாது.

சரி, எதுதான் வேலை செய்யும்? முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும். பல்லி, தவளை பிடித்துத் தின்னும் பூனைக்கு நுரையீரல் புழு இருக்கலாம். இதயநோயிலும் மூச்சு வாங்கும். ஆஸ்துமாதான் என்றால் ஸ்டீராய்டுதான் அடிப்படை மருந்து. மாத்திரையாகவும் தரலாம், குழந்தைகளுக்கு வைப்பதுபோல் முகமூடி பொருத்திய ஸ்பேசர் என்ற குழாய் வழியாக, புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டை இன்ஹேலராகவும் தரலாம். இன்ஹேலரின் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். திடீர் இறுக்கத்துக்கு, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கொசுவர்த்தியை நிறுத்தி, விறகடுப்புப் பக்கம் பூனையை விடாமல் இருந்தாலே பாதி இருமல் குறைந்த வீடுகள் உண்டு.

தூங்கும் பூனையின் விலா எத்தனை முறை எழும்புகிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30க்கு மேல் தொடர்ந்து போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அன்றே, அப்போதே. இருமும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரின் மேசையில் ஏறியதும் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது.