கொத்துக்கறி நூடுல்ஸும் கொஞ்சம் தண்ணீர்க் கணக்கும்

குமுளியில் சாயங்காலம் மழை பிடித்துவிட்டால் கடைத்தெருவுக்குப் போகும் எண்ணமே வராது. வீட்டில் இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இரவுக்கென்று ஒரு சமையல் உண்டு. மாட்டுக் கொத்துக்கறி அரைக்கிலோ, நூடுல்ஸ் 200 கிராம், ஒரு சின்னப் பெட்டி பிரெஷ் கிரீம். ஒரே சட்டி, அரை மணி நேரம், அவ்வளவுதான்.

இது நம் ஊர்ச் சமையல் இல்லை. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் ஸ்ட்ரோகனாஃப் என்ற பெயரில் புளித்த கிரீம் சேர்த்த மாட்டுக்கறி ஒன்று உண்டு. அது அமெரிக்காவுக்குப் போய், கறி கொத்துக்கறியாகி, நூடுல்ஸும் கூடச் சேர்ந்து, வேலை முடிந்து களைத்து வருபவர்களின் சாப்பாடாகிவிட்டது. நான் முதல் தடவை செய்தபோது கறி சாம்பல் நிறத்தில் அவிந்துபோனது, நூடுல்ஸ் ஒரே கட்டியானது, குழம்பு திரிந்தது. "அம்மா, இது கெட்டுப்போச்சா?" என்று மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். மூன்று கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான், தண்ணீர் என்று பிடிபட எனக்கு ஆறேழு தடவை ஆனது.

கடையிலிருந்தே தொடங்குகிறேன். கேரளப் பக்கத்து இறைச்சிக்கடையில் மாட்டுக்கறி என்று கேட்டால் பெரும்பாலும் வருவது போத்து, அதாவது எருமை. கொழுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். புல் மேய்ந்த பசு, காளையின் கொழுப்பு லேசாக மஞ்சளடிக்கும். எருமையின் கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். புல்லில் இருக்கும் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியை எருமை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. பசு அதில் கொஞ்சத்தைக் கொழுப்பில் அப்படியே சேர்த்து வைக்கிறது. எருமைப்பால் வெள்ளையாகவும் பசும்பால் மஞ்சள் சாயலாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

போத்துக்கறி துண்டாகப் போட்டால் குக்கரில் ஏழெட்டு விசில் கேட்கும். தசைநார்களைச் சுற்றி உறை போட்ட மாதிரி கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. அது கரைந்து வழவழப்பான ஜெலட்டினாக மாற நீண்ட நேரம் சூடு வேண்டும். கொத்தும்போது அந்த வேலையைக் கத்தி செய்துவிடுகிறது. நீளமான நார் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்காகிவிட்டால் மெல்லுவதற்கு என்ன கஷ்டம்? அதனால்தான் இந்தச் சமையலுக்குக் குக்கரே வேண்டாம். மெஷினில் ஒரு தடவை ஓட்டினால் போதும் என்று கடைக்காரரிடம் நான் சொல்லிவிடுவேன். இரண்டு தடவை ஓட்டினால் களி மாதிரி ஆகிவிடும்.

ஆனால் கொத்துவதில் ஒரு வம்பும் இருக்கிறது. முழுத்துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும். வெளியே நன்றாகச் சுட்டால் தீர்ந்தது. கொத்தும்போது மேலே இருந்தது எல்லாம் உள்ளே கலந்துவிடுகிறது. ஈ கோலை கிருமியின் கொடிய வகை ஒன்று கொத்துக்கறி வழியாகப் பரவி ஆட்களைச் சாய்த்திருக்கிறது. அதனால் அமெரிக்க வேளாண் துறை கொத்துக்கறியின் உட்புறம் 71 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும் என்கிறது. சிவப்பு போய்விட்டதே என்று நிறத்தை நம்பக் கூடாது. கறிக்குச் சிவப்பு தரும் மயோகுளோபின் சில நேரம் அந்தச் சூட்டுக்கு முன்பே பழுப்பாகிவிடும். நாம் செய்யப்போவது உதிரியாக, மொறுமொறுவென்று வறுப்பது. 71ஐத் தாண்டி எங்கேயோ போய்விடும். இருந்தாலும் வாங்கிய அன்றே சமைத்துவிடுவது நல்லது.

சரி, சட்டிக்கு வருவோம். இங்கேதான் முதல் தண்ணீர்க் கணக்கு.

கறியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். அரைக்கிலோவில் 350 கிராம். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது தசைப் புரதங்கள் சுருங்கி, துணி பிழிவது போல அதில் ஒரு பகுதியை வெளியே தள்ளும். அந்தச் சாறு சட்டியில் நிற்கும் வரை கறியின் சூடு கொதிநிலைக்கு மேல் ஏறாது. குமுளி கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கறி வறுபடும் மணமும் பழுப்பு நிறமும் வேகமாக வர 140 டிகிரி பக்கம் போக வேண்டும். 97க்கும் 140க்கும் நடுவே தண்ணீர் மறித்துக்கொண்டு நிற்கிறது.

அதை விரட்டுவது சுலபமில்லை. ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டிச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 100 கலோரி போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். 100 கிராம் சாறு சட்டியில் இறங்கிவிட்டது, அடுப்பிலிருந்து சட்டிக்குள் ஒரு கிலோவாட் சூடு போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சாறு வற்றவே நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷமும் கறி வறுபடாது, அவியும். நான் முதல் தடவை பார்த்த சாம்பல் நிறம் அதுதான்.

என்ன செய்யலாம்? இரும்புச் சட்டியைப் புகை வரும் வரை காய வைக்க வேண்டும். கனமான இரும்பு சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த கறி விழுந்ததும் துவண்டுபோகாது. கறியைப் பாதி பாதியாகப் போட்டு, அடை தட்டுவது போல மெல்லிசாகப் பரப்பிவிட்டு மூன்று நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளறக் கூடாது. இந்த இடத்தில் கண்ணைவிடக் காதுதான் உதவும். சாறு இருக்கும் வரை சட்டி கொதகொத என்று மந்தமாகப் பேசும். சாறு வற்றியதும் சத்தம் சடாரென்று மாறி, எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி சடசடக்கும். அப்போது கரண்டியால் உடைத்துத் திருப்பிப் போட்டால் அடியில் செம்பழுப்பு பிடித்திருக்கும்.

அந்தப் பழுப்பின் வேதியியலை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மையார். புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து, உடைந்து, மறுபடி சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசில்லை. பீஃப் உலர்த்தியது செய்யும்போது, குக்கரில் வெந்த கறியைத் தேங்காய்ச் சில்லோடு சட்டியில் போட்டுக் கறுக்கக் கறுக்கப் புரட்டுகிறோமே, அது இதே விஷயம்தான். பேரிலேயே உலர்த்து என்று இருக்கிறது பாருங்கள். தண்ணீரை விரட்டச் சொல்லித்தான் பெயர்.

இன்னொரு கைவேலையும் உண்டு. கால் டீஸ்பூன் ஆப்பசோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கறியில் பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால், காரத்தன்மை ஏறிப் புரதங்கள் இறுக்கமாகச் சுருங்காமல் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழுப்பும் சீக்கிரம் ஏறும். அளவு கூடினால் சோப்பு வாடை வந்துவிடும், ஜாக்கிரதை. உப்பை மட்டும் வறுத்த பிறகு போடுங்கள். பச்சைக் கறியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் புரதம் கரைந்து ஒட்டிக்கொண்டு ரப்பர் உருண்டை மாதிரி ஆகும்.

கறி வறுபட்டதும் வெங்காயம், பூண்டு. வெங்காயம் விடும் ஈரத்தில் அடியில் பிடித்த பழுப்பெல்லாம் கழன்று வந்துவிடும். அதைச் சுரண்டிக் கலந்துகொள்ளுங்கள், ருசி முழுக்க அதில் இருக்கிறது. ஒரு ஸ்பூன் மைதாவை அந்தக் கொழுப்பிலேயே போட்டுப் புரட்ட வேண்டும். வெந்நீரில் நேராக மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். ஒவ்வொரு மாவுத் திரளும் வெளியே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் காய்ந்த மாவைப் பூட்டிவிடுவதால் அப்படி. முதலிலேயே கொழுப்பு பூசிவிட்டால் துகள்கள் தனித்தனியாக நிற்கும்.

இனி விரட்டிய தண்ணீரைத் திரும்ப அழைக்க வேண்டும். காய்ந்த நூடுல்ஸ் வெந்தால் எடை ஏறக்குறைய இரண்டேகால் மடங்காகும். 200 கிராம் நூடுல்ஸ் 250 மில்லி தண்ணீரைக் குடிக்கும். ஆவியாகப் போவதற்கும் குழம்பாக நிற்பதற்கும் சேர்த்து 600 மில்லி ஊற்றுவேன். வேறு பாத்திரத்தில் வேகவைத்து வடிக்க மாட்டேன். சோறு வடித்த கஞ்சி ஆற ஆறக் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். நூடுல்ஸ் வெந்த தண்ணீரும் ஒரு கஞ்சிதான். கோதுமை மாவுச்சத்துத் துகள்கள் 60 டிகிரி பக்கம் தண்ணீரைக் குடித்து ஊதி, உள்ளே இருக்கும் அமைலோஸ் என்ற நீளச் சங்கிலிகளை வெளியே விடுகின்றன. அந்தச் சங்கிலிகள் தண்ணீரில் பின்னிக்கொள்வதால் குழம்பு கெட்டியாகிறது. வடித்தால் அந்தக் கெட்டித்தன்மையைச் சாக்கடையில் ஊற்றியதாக ஆகும்.

மலை இறங்கினால் வரும் கம்பம் ஊரைவிட இங்கே பருப்பு வேக நேரமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். நூடுல்ஸுக்கு அந்தக் கவலை குறைவு. 97 டிகிரி மாவுச்சத்துக்குத் தாராளம். ஒரு நிமிஷம் கூடுதலாக வைத்தால் சரியாகிவிடும். இரண்டு நிமிஷ நூடுல்ஸ் எப்படி அவ்வளவு சீக்கிரம் வேகிறது என்பது தனிக்கதை. 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு அண்டோ அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவித்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகப் பாய்ந்து வெளியேறி நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். பிறகு வெந்நீர் அந்த வழியாகவே உள்ளே புகுந்துவிடுகிறது. இந்தச் சமையலுக்கு அது சீக்கிரம் குழைந்துவிடும். பொரிக்காமல் காயவைத்த நூடுல்ஸ்தான் என் தேர்வு. அது இல்லாத நாளில் வறுத்த சேமியாவும் போட்டிருக்கிறேன், மோசமில்லை.

கடைசியில் கிரீம். என்னை அழவைத்த இடம் இது. அன்று கிரீம் இல்லை, கெட்டித் தயிர்தான் இருக்கிறதே என்று தளதளவென்று கொதிக்கும் சட்டியில் ஒரு கிண்ணம் ஊற்றினேன். கண் முன்னால் வெள்ளைப் பொடிப்பொடியாகத் திரண்டு, சுற்றிலும் பச்சைச் சாயலில் தண்ணீர் பிரிந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, "அய்யோ மோளே, ஒண்ணாம் பாலைக் கொதிக்க விடுவோமா? அடுப்பை அணைச்சிட்டுத்தானே ஊத்துவோம்!" என்றார். அவர் சொன்னது தேங்காய்ப்பால். ஆனால் விஷயம் அதில் முழுசாக இருந்தது.

பாலிலும் கிரீமிலும் தேங்காய்ப்பாலிலும் கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாமல் புரதம் காவல் நிற்கிறது. தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் அந்தக் காவல் புரதம் சூட்டில் திரண்டுவிடும். எண்ணெய் தனியே மேலே வரும். அதனால்தான் இரண்டாம் பாலில் வேகவைத்து முதல் பாலைக் கடைசியில் சேர்க்கிறோம். பாலில் இருக்கும் கேசின் புரதம் சூட்டைத் தாங்கும், புளிப்பைத் தாங்காது. புளிப்பு ஏறியதும் கேசின் துணுக்குகள் ஒன்றையொன்று தள்ளும் சக்தியை இழந்து சேர்ந்துகொள்ளும். தயிர் ஏற்கெனவே அந்த நிலையில் இருப்பது. அதைக் கொதியில் ஊற்றினால் இன்னும் இறுகி, தண்ணீரைக் கக்கிவிடும். கிரீமில் கொழுப்பு அதிகம், கேசின் குறைவு. அதனால் அவ்வளவு எளிதில் திரியாது. கடையில் விற்கும் பிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில் இருக்கும். தீயைக் குறைத்து ஊற்றினால் தைரியமாக நிற்கும்.

தயிர்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு, அதை மோர்க்குழம்பு வைப்பவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அரிசியும் பருப்பும் அரைத்துக் கலக்கி, நுரை கட்டியதும் இறக்கிவிடுவார்கள். மாவுச்சத்து புரதத் துணுக்குகளுக்கு நடுவே புகுந்து, அவை நெருங்கவிடாமல் செய்கிறது. நம் சட்டியில் மைதாவும் நூடுல்ஸ் கஞ்சியும் ஏற்கெனவே அந்த வேலைக்குத் தயாராக நிற்கின்றன. அடுப்பை அணைத்து, இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, சட்டியிலிருந்து ஒரு கரண்டி குழம்பை எடுத்துத் தயிரில் கலக்கி, பிறகு அதை ஊற்றினால் திரியாது. தேங்காய் முதல் பாலும் இதே முறையில் அருமையாகச் சேரும். உள்ளதைச் சொன்னால், கிரீமைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது.

மிளகையும் கடைசியில் இடித்துத் தூவுங்கள். மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளில் இருக்கிறது, அது எளிதில் ஆவியாகாது. மணம் தரும் எண்ணெய்களோ சூட்டில் பறந்துவிடும். சீக்கிரம் போட்டால் காரம் சட்டியிலும் மணம் வீடு முழுக்கவும் இருக்கும். மிளகு விளையும் ஊரில் இருந்துகொண்டு அதை வீணாக்க மனசு வருமா?

இறக்கும்போது குழம்பு கொஞ்சம் நீர்க்கவே இருக்கட்டும். தட்டுக்கு வருவதற்குள் கெட்டியாகிவிடும். மிஞ்சியதைப் பிரிட்ஜில் வைத்தால் காலையில் கத்தியால் வெட்டும்படி உறைந்திருக்கும். விரிந்து கிடந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் குளிரில் மறுபடி வரிசை கட்டி நெருங்குவதால் வரும் இறுக்கம் அது. அரை டம்ளர் வெந்நீர் தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் வைத்தால் நெருங்கியதில் பெரும்பகுதி விலகித் தளர்ந்து கொடுக்கும். மகளின் டிபன் பாக்ஸில் திங்கட்கிழமை போவது அதுதான். தட்டைத் தள்ளிவைத்தவள் இப்போது பாக்ஸ் திரும்பி வரும்போது ஒரு பருக்கைகூட மிச்சம் வைப்பதில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் எடுத்துவிடுகிறார்கள் என்று புகார் வேறு.