சைபர் செக்யூரிட்டிக்கு ‘இணையப் பாதுகாப்பு’ பொருந்துமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டனோ பண்டாரவளையோ, எந்தப் பயிற்சிப் பட்டறைக்குப் போனாலும் கையில் தரும் தாளில் ‘இணையப் பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கணினிகளையும் அவற்றிலுள்ள தகவலையும் காப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் சைபர் செக்யூரிட்டிக்குத் தமிழாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வேர்க்கதை சின்னதுதான். கப்பலில் சுக்கான் பிடிப்பவனைக் கிரேக்கர் ‘கிபெர்னேட்டீஸ்’ என்றார்கள், நம்முடைய மீகாமன். அந்தச் சொல் லத்தீன் வழியாக இறங்கித்தான் ‘கவர்னர்’, ‘கவர்மெண்ட்’ எல்லாம் பிறந்தன. 1948இல் கணிதவியலாளர் நோர்பர்ட் வீனர், இயந்திரத்திலும் உயிரிலும் நடக்கும் கட்டுப்பாட்டையும் தொடர்பாடலையும் ஆராயும் துறைக்கு ‘சைபர்னெடிக்ஸ்’ என்று பெயரிட்டார். 1980களில் அறிவியல் புனைகதை எழுதியவர்கள் அதன் தலையை மட்டும் வெட்டி ‘சைபர்ஸ்பேஸ்’ ஆக்கினார்கள். அப்புறம் கண்டதற்கெல்லாம் சைபர் ஒட்டிக்கொண்டது.

சரி, ‘சைபர்’ என்றே விட்டுவிடலாமா? எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சைபர் என்றால் பூச்சியம். அது அரபியிலிருந்து வந்த வேறொரு சொல். ‘சைபர் பாதுகாப்பு’ என்று பதாகை கட்டினால், பாதுகாப்பே கிடையாது என்று அவர்கள் வாசிப்பதில் தவறில்லை. சில அலுவலகங்களுக்கு அந்த வாசிப்பே பொருத்தம்.

‘இணையப் பாதுகாப்பு’க்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: மக்களுக்குப் புரியும். புரியத்தான் செய்கிறது, தப்பாக! ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் இந்தத் தலைப்பில் ஒரு கொள்கைத் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். செக்ரோல் (தொழிலாளரின் அன்றாட வேலையும் கூலியும் பதியும் பேரேடு) போடும் கணினியின் திரை ஓரத்தில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தது. மாதக் கணக்கு பென் டிரைவில் ஏறித் தலைமை அலுவலகத்துக்குப் போய், அதே பென் டிரைவ் ஊரெல்லாம் சுற்றித் திரும்பி வரும். கேட்டால் கிளாக்கர் சொல்கிறார், “இந்த மெஷினுக்கு நெட்டே இல்ல சேர், அந்தத் தாள் எங்களுக்கில்ல.” அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தாளில் உள்ளபடிதான் நடக்கிறார்.

2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல் (கணினியைக் கெடுக்கும் மென்பொருள்), ஈரானின் நடான்ஸ் நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களைக் கெடுக்கவென்றே எழுதப்பட்டது. அங்கிருந்த கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளி இணையத்தோடு இணைக்கப்பட்டவை அல்ல. அந்த நச்சுநிரலோ பென் டிரைவ் வழியாகவே பரவ வல்லது. இதை எந்த ‘இணையப் பாதுகாப்பு’க்குள் அடக்குவது?

இன்னொரு சிக்கல் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் யார் என்ன பதிவிடலாம் என்பதைப் பற்றியது. ‘இணையப் பாதுகாப்பு’ என்றதும் பாதிப்பேர் முகநூல் பதிவையும் பொலிஸையும்தான் நினைக்கிறார்கள். கணினிக்குள் நுழைந்து கைவைப்பதைப் பற்றிய 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமோ கணினிக் குற்றம் என்றே பேசுகிறது. அந்த வழியில் போனால் ‘கணினிப் பாதுகாப்பு’ என்பதே நேர். கைபேசி கணினியா என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பது கணினிதானே? தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. சைபருக்கு ‘மின்வெளி’ என்றும் ஒரு கூட்டம் சொல்கிறது. எனக்கு அது மின்கம்பம் நட்ட மைதானம் போலத் தோன்றுகிறது.

‘தகவல் பாதுகாப்பு’ என்பது கணினிப் பாதுகாப்பைவிடப் பெரியது. இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்த பழைய செக்ரோல் புத்தகமும் அதில் சேரும். ஐஎஸ்ஓ 27001 என்ற சர்வதேசத் தரநிலை இதைத்தான் நிர்வகிக்கச் சொல்கிறது. அதன் அடிப்படையில் மூன்று குணங்கள் உண்டு: உரியவர் மட்டும் பார்ப்பது, அனுமதியின்றி மாறாமல் இருப்பது, தேவைப்படும்போது கிடைப்பது. இரண்டாவதை, ஆங்கிலத்தில் ‘டேட்டா இன்டெக்ரிட்டி’ என்பதை, ‘தரவு நேர்மை’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். நேர்மை மனிதருக்கு உள்ளது ஐயா, தரவுக்கு ஏது? அகராதியில் முதலில் கிடைத்த பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 18 கிலோ கொழுந்து பறித்த அக்காவுக்குச் செக்ரோலில் 8 என்று விழுந்திருந்தால், கெட்டது தரவின் ‘மாறாமை’. நேர்மை கெட்டதா என்பது வேறு விசாரணை.

‘சிஸ்டம்’ என்பதற்கு நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ‘முறைமை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. இப்போதோ ‘தகவல் அமைப்பு’ என்று எழுதுகிறார்கள். நிறுவனமும் அமைப்பு, அதன் மென்பொருளும் அமைப்பு. ‘அமைப்பின் தகவல் அமைப்புப் பொறுப்பாளர்’ என்று ஒரு சுற்றறிக்கையில் வாசித்தால், நான் ஏதோ சங்கத்தின் செயலாளரைத்தான் தேடிப் போவேன்.