குழந்தைக்குச் சேவை நாய் வாங்கும் முன்

குழந்தைகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை செய்கிறேன். "எங்கள் பிள்ளைக்கு ஒரு சேவை நாய் இருந்தால் நல்லதுதானே?" என்று பெற்றோர் கேட்டால், அது என்ன வேலை செய்ய வேண்டும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். "பக்கத்தில் இருந்தால் அவன் கொஞ்சம் அமைதியாக இருப்பான்" என்பார்கள் பலர். நியாயமான ஆசை. ஆனால் அதற்குச் சாதுவான வீட்டு நாயே போதும். சேவை நாய் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் குறிப்பிட்ட சிரமத்துக்காக, குறிப்பிட்ட வேலைகளில் பயிற்சி பெற்றது. மருத்துவமனைகளுக்கு வந்து பல குழந்தைகளோடு சற்று நேரம் இருந்துவிட்டுப் போகும் தெரபி நாய் வேறு வகை.

அதனால் ஒரு வாரம் குறிப்பெடுக்கச் சொல்வேன். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன முடியாமல் போகிறது என்று எழுதினால், நாய் உதவுமா என்பது பாதி தெரிந்துவிடும்.

செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவில் சிரமம், உள்ள குழந்தை பென்சிலைக் கீழே போட்டுவிட்டால், யாராவது எடுத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். நாய் அதை எடுத்துத் தரும், கதவைத் திறக்கும், விளக்கைப் போடும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிறுமிக்கு இப்படிப்பட்ட நாய் இருந்தது. அவளுக்குத்தான் ஏற்கெனவே ஓர் உதவியாளர் இருக்கிறாரே என்று சொல்லி, பள்ளி அந்த நாயை அனுமதிக்கவில்லை. ஃப்ரை வழக்கு என்று அறியப்படும் அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், சிறப்புக் கல்விக்கான முறையீட்டுப் படிகளை முடிக்காமலேயே இப்படிப்பட்ட பாகுபாட்டு வழக்கைத் தொடுக்க இடமுண்டு என்று 2017இல் தீர்ப்பானது. ஒருவர் செய்து தருவதும் நாயின் துணையோடு தானே செய்துகொள்வதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் குழந்தைக்கு நன்றாகவே புரியும். நாய்க்கு விண்ணப்பிக்கும் முன்பே பள்ளியோடு பேசிவிடுங்கள். வகுப்பில் நாயை யார் பார்த்துக்கொள்வது, ஒவ்வாமை உள்ள மாணவர் இருந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வலிப்பு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வலிப்பு வந்த பிறகு குரைத்து ஆளைக் கூப்பிடவும், பக்கத்திலேயே படுத்திருக்கவும், அலாரப் பொத்தானை அழுத்தவும் நாய்க்குக் கற்றுத் தரலாம். வருவதற்கு முன்பே எச்சரிப்பது அப்படியல்ல. சில நாய்கள் பழகப் பழகத் தாமாக அதைச் செய்கின்றன. ஆனால் அதை நம்பகமாகப் பயிற்றுவிக்கும் வழி இதுவரை இல்லை. "எங்கள் நாய் வலிப்பை முன்கூட்டியே சொல்லும், கியாரண்டி" என்று ஒருவர் விற்றால் பணம் கட்டாதீர்கள். நாய் வந்துவிட்டது என்று மருந்தையோ இரவுக் கண்காணிப்பையோ குறைக்கவும் கூடாது.

ஆட்டிசம் உள்ள குழந்தை திடீரென்று ஓடிவிடும் என்ற பயத்தில்தான் பலர் நாய் கேட்கிறார்கள். குழந்தையின் இடுப்புப் பட்டையை நாயின் மார்புப் பட்டையோடு இணைத்து, ஓடும்போது நாய் ஊன்றி நிற்கப் பழக்கும் முறை உண்டு. அப்போதும் நாயின் கயிறு பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். இந்த இணைப்பு குழந்தைக்கும் நாய்க்கும் பாதுகாப்பானதா என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என்னைக் கேட்டால், முதலில் கதவுக்குத் தாழ்ப்பாளும் அலாரமும் போடுங்கள், சாலை ஓரத்தில் நிற்கப் பழக்குங்கள். நாயைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பெற்றோர் அதிகம் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. சிறு குழந்தையால் நாயை நடத்த முடியாது. கட்டளை இடுவது, வெளியே கூட்டிப்போவது, சீவிவிடுவது, தடுப்பூசியும் பூச்சி மருந்தும் போடுவது, கற்றதை மறக்காமல் இருக்கத் தினமும் பயிற்சி கொடுப்பது எல்லாம் பெரியவர் வேலை, பெரும்பாலும் அம்மாவின் வேலை. இரவு சரியாகத் தூங்கியே நாளாகிப்போன ஒரு தாயின் தலையில் இதையும் ஏற்றலாமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் சில மாதங்கள் சுமை கூடும். அதைத் தாங்க ஆள் இல்லையென்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

நாயின் பக்கமும் பார்க்க வேண்டும். பதற்றத்தில் அடிக்கிற, முடியைப் பிடித்து இழுக்கிற குழந்தையோடு நாள் முழுக்க இருப்பது அதற்கு வேதனை. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் போதும் என்பதற்கான அறிகுறிகள். அதை மதிக்காமல் விட்டால் நல்ல நாயும் ஒரு நாள் கடிக்கலாம். அதற்கென்று ஓர் ஒதுக்கமான இடமும், வேலையில்லாத நேரமும் தினமும் வேண்டும்.

கிடைப்பதற்கு நாளாகும். குட்டி ஒரு தன்னார்வலர் வீட்டில் ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை வளர்ந்து, பிறகு மாதக்கணக்கில் வேலைப் பயிற்சி பெற்று, சுமார் இரண்டு வயதில்தான் குடும்பத்திடம் வரும். பெரும்பாலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இனங்கள். எல்லா நாய்களும் தேறுவதில்லை. செலவு அதிகம், காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். இந்த அவசரத்தைப் பயன்படுத்தித்தான் இணையத்தில் அடையாள அட்டையும் மேலாடையும் 'சான்றிதழும்' விற்கிறார்கள். அவற்றை வாங்கிவிட்டால் நாய்க்குப் பயிற்சி வந்துவிடாது. உங்கள் நாட்டுச் சட்டம் எதை ஏற்கிறது என்று பாருங்கள். சேவை நாய் நிறுவனங்களின் தரத்தைப் பார்க்கும் உலக அமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனலின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமா என்று விசாரியுங்கள். குழந்தையை நேரில் பார்க்காமல் நாய் தர ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஓய்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள். இந்த நாய்கள் பொதுவாகப் பத்து வயதை ஒட்டி வேலையிலிருந்து ஓய்வு பெறும். உங்கள் ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது ஆகியிருக்கும். அந்த நாய் உங்களோடேயே இருக்குமா, நிறுவனத்துக்குத் திரும்புமா, அடுத்த நாய்க்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.