கியர் ஆயிலில் பெரிய எண் என்றால் நல்ல ஆயில் என்று அர்த்தமில்லை

"ஆயில் மாத்தின பிறகுதான் தம்பி இப்படி ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெரியவர் சாவியை நீட்டினார். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் கியரில் குறையில்லை. செகண்டுக்கு மாற்றும்போது, கியர் விழுவதற்குச் சற்று முன்னால் கையில் ஒரு நெருடல், கூடவே 'கர்ர்' என்று சத்தம். நிதானமாகப் போட்டால் விழுந்துவிடுகிறது, கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் கடிக்கிறது. தேர்டிலும் லேசாக அதேதான். பழைய ஆயில் இருந்தவரைக்கும் இந்தத் தொந்தரவே இல்லை என்று அடித்துச் சொன்னார். மிச்ச ஆயில் டிக்கியிலேயே இருந்தது. கேனை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்: 80டபிள்யூ-90, ஜிஎல்-5. அந்தக் காரின் கையேடு கேட்பது 75டபிள்யூ-90, ஜிஎல்-4. முன்னால் இருப்பது ஆயிலின் கனத்தைச் சொல்லும் எண், ஜிஎல் என்பது கியர் ஆயிலின் பிரிவு.

"நாலைவிட அஞ்சு பெரிசுதானே? நல்லதாப் பார்த்துப் போடணும்னுதான் வாங்கினேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று எழுத்து மேலே போகப் போகப் புதியது. பழையதைக் கேட்ட எஞ்சினுக்கும் புதியதைப் போடலாம். அதே பழக்கத்தில் கியர் ஆயிலையும் வாங்கினால் தப்பாகிவிடும். ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-ஐ மெருகேற்றிச் செய்தது கிடையாது. இரண்டும் வேறு வேறு வேலைக்காக வந்தவை. என் பட்டறைக்கு 'கியர் கடிக்கிறது' என்று வரும் வண்டிகளில் இந்த ஒரு குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருக்கும் நேரத்தில் வண்டிக்காரர் யாராவது வந்தால், அவர் கையில் ஒரு சிங்க்ரோ ரிங்கைக் கொடுப்பேன். பெரும்பாலும் பித்தளை. உள்பக்கம் லேசாகச் சரிந்த கூம்பு வடிவம், அதில் தலைமுடி கனத்துக்கு வரிவரியாகக் கோடுகள். இதைக் கியரின் கோன் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியபடி திருப்பிப் பாருங்கள் என்பேன். நல்ல ரிங் என்றால் நகராது, கவ்விக்கொள்ளும். ஆயில் தடவி இருந்தாலும் கவ்வும். அந்த மெல்லிய கோடுகள் ஆயிலைச் சீவித் தள்ளிவிட்டு உலோகத்தை உலோகத்தோடு சேர்க்கின்றன. நீங்கள் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே நடப்பது இதுதான். ரிங் கோனைக் கவ்வி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே, கியரைப் பூட்டும் ஸ்லீவ் சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறது. கவ்வுவதற்குத் தாமதமானால், வேகம் சேராமலே பல்லும் பல்லும் மோதும். உங்கள் காதில் விழும் 'கர்ர்' அதுதான்.

ஆக, கியர்பாக்ஸ் ஆயில் இரண்டு வேலை செய்தாக வேண்டும். பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவில் வழுக்கலாக நிற்க வேண்டும். ரிங் கோனைத் தொடும் நொடியில் மட்டும் வழிவிட்டு விலக வேண்டும். "நல்லா வழவழன்னு இருக்கிற ஆயில் போடுங்க, கியர் வெண்ணெய் மாதிரி விழணும்" என்று கேட்பவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் கியர் வெண்ணெய் மாதிரி விழ, அந்த ரிங் வழுக்கக் கூடாது. ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் நிற்க வேண்டியது இதுதான்.

அப்படியானால் ஜிஎல்-5 எதற்கு? அது, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு. 1926-இல் பேக்கார்ட் கார்களில் ஹைப்பாய்டு பற்சக்கரம் வந்தது. சின்னப் பற்சக்கரமான பினியனை, அது சுழற்றும் பெரிய க்ரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். அதனால் காரின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது. ஆனால் அப்படி இறக்கியதால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு, நீளவாட்டில் கடுமையாக உரசி வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்களைப் போடுகிறார்கள். சூடு ஏறும்போது அவை இரும்போடு வினைபுரிந்து, பல்லின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். கியர் ஆயிலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்தால் வருவது. இரண்டே வருடம் கழித்து, 1928-இல், காடிலாக் காரில் சிங்க்ரோமெஷ் கியர்பாக்ஸ் வந்தது. அது கேட்டதோ பிடிப்பு. அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் ஆயிலிடம் எதிரெதிரான குணத்தைக் கேட்கின்றன. ஜிஎல்-5, ஜிஎல்-4 என்ற பிரிவுக்குப் பின்னால் இருப்பது இந்த முரண்தான்.

ஜிஎல்-5-இல் அந்தச் சேர்மானம் ஜிஎல்-4-ஐப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அதைச் சிங்க்ரோ கியர்பாக்ஸில் ஊற்றினால் ரிங் சட்டென்று கவ்வாது. பெரியவரின் காரில் நடந்தது அதுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. கந்தகம் பித்தளை, வெண்கலம் போன்ற மஞ்சள் உலோகங்களை, அதுவும் சூட்டில், அரிக்கக்கூடியது. ஆயில் தயாரிப்பவர்கள் இதைச் சோதிக்கவே மெருகேற்றிய செப்புத் தகட்டைச் சூடான ஆயிலில் மூழ்கவைத்து, எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்கிறார்கள். கியர் ஆயிலுக்கு அந்தச் சோதனை 121 டிகிரி செல்சியஸில், 3 மணி நேரம். இப்போது வரும் சேர்மானங்கள் பழையவை அளவுக்கு அரிப்பதில்லை, அது உண்மைதான். ஆனாலும் பிடிப்புச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

சில கேன்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். சிங்க்ரோ கியர்பாக்ஸுக்கு உகந்தது என்று பின்பக்கம் தெளிவாக எழுதியிருந்து, வண்டியின் கையேடும் ஒத்துக்கொண்டால் போடலாம். இல்லாவிட்டால் நான் போடுவதில்லை. 'ஜிஎல்-4 பிளஸ்' என்றும் பார்க்கலாம். அது கம்பெனிகள் வைத்த பெயர், இந்தப் பிரிவுகளை வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ வைத்த பிரிவு கிடையாது. ஏபிஐ இன்று நடைமுறையில் வைத்திருப்பவை ஜிஎல்-4, ஜிஎல்-5, எம்டி-1 ஆகிய மூன்றும்தான். இதில் எம்டி-1 சிங்க்ரோ இல்லாத கனரக வண்டிகளின் கியர்பாக்ஸுக்கானது.

இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் ஜிஎல்-4 ஊற்றிவிடாதீர்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்னால் இருக்கும் ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-4 போட்டால், சேதம் இன்னும் பெரிது. பற்களே தேய்ந்து போகும். அந்த மாதிரி வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு கேன் வாங்க வேண்டியிருக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் ஓடுகின்றன. எஞ்சின் குறுக்காக இருக்கும் கார்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாய்வுப் பல் சக்கரம், ஹைப்பாய்டு இருக்காது. அதனால் அங்கே ஜிஎல்-4 போதும்.

அடுத்தது 75டபிள்யூ-90 என்ற எண். முதல் பாதி குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டியாகும் என்பதைச் சொல்கிறது. குளிர வைக்கும்போது ஆயில் 1,50,000 சென்டிபாய்ஸ் கெட்டித்தன்மையைத் தாண்டாமல் இருக்க வேண்டிய வெப்பநிலை 75டபிள்யூவுக்கு மைனஸ் 40 டிகிரி, 80டபிள்யூவுக்கு மைனஸ் 26, 85டபிள்யூவுக்கு மைனஸ் 12. 'நாம் மைனஸ் 40-இல் ஓட்டப் போவதில்லையே' என்று தோன்றும். சரிதான், ஆனால் சாதாரணமாகக் காலையில் வண்டி எடுக்கும்போதும், முதல் எண் குறைந்த ஆயில் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் கியர் இறுக்கமாக இருந்து, சூடேறியதும் சரியாகிறது என்றால் சந்தேகம் முதலில் இந்த எண் மேல்தான் விழ வேண்டும். பின்னால் வரும் 90, ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கனமாக இருக்கும் என்பது: 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை.

எஞ்சின் ஆயிலின் எண்களும் கியர் ஆயிலின் எண்களும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலின் 90, சூட்டில் எஞ்சின் ஆயிலின் 40, 50 அளவுக்குத்தான் கனமாக இருக்கும். அதனால் கையேட்டில் 'கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில் 10டபிள்யூ-40' என்றோ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப் என்றோ, அந்தக் கம்பெனியின் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலான எம்டிஎஃப் என்றோ இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அந்த கியர்பாக்ஸை அதற்கென்றே வடிவமைத்திருப்பார்கள். அதில் 90 ஊற்றினால் சிங்க்ரோ திணறும். மெல்லிய ஆயில் கேட்கும் பெட்டியில் கனமான ஆயிலை ஊற்றிவிட்டு "பேரிங்குக்கு நல்லது" என்று சமாதானம் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் நனையும் மோட்டார்சைக்கிளில் பார்க்க வேண்டியது ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை. உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கியர் சரியாக விழவில்லை என்று வரும் வண்டிகள் எல்லாவற்றிலும் குற்றவாளி ஆயில் கிடையாது. நான் முதலில் செய்வது எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்ப்பது. நின்றிருக்கும்போது எல்லாம் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் எல்லா கியரும் இறுகினால், கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். ஒருமுறை, காருக்குள் தரையில் விரிக்கும் மிதியடி மடங்கி பெடலுக்குக் கீழே சிக்கியிருந்தது. அந்த வண்டிக்கு அதற்குள் இரண்டு தடவை ஆயில் மாற்றியிருந்தார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போதும் லீவர் இறுக்கமாக, அல்லது தொளதொளவென்று இருந்தால் லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் புஷ்ஷையும் கேபிளையும் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும், சூட்டிலும் குளிரிலும், கடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கியரின் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரித்த பிறகு ரிங்குக்கும் கியருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்போம். புதிதாக இருக்கும்போது பல கியர்பாக்ஸ்களில் அது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் எந்த ஆயிலாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ரிவர்ஸ் மட்டும் கடித்தால் பதற வேண்டாம்; பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்று, கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள்.

'ஊற்றினால் கியர் வழுக்கும்' என்று சொல்லி விற்கும் சின்ன பாட்டில்கள் பற்றிக் கேட்கிறார்கள். ரிங் கவ்வ வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அந்த இடத்தில் இன்னும் வழுக்கலைச் சேர்க்காதீர்கள்.

ஆயில் மாற்றும்போது, வடிக்கும் டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் மேலே ஊற்றும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், வண்டியை நகர்த்தவும் முடியாது. கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். காந்தம் வைத்த பிளக்கில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிடலாம். நகத்தில் தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். வடித்த ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஃபில்லர் துளைதான் அளவு காட்டும் துளையாக இருக்கும் வண்டிகளில் புது ஆயில் அதன் கீழ் விளிம்பு வரைக்கும்தான். கூடுதலாக ஊற்றினால் நுரைக்கும், சீல் வழியாகக் கசியும்.

பெரியவரின் காரில் அந்த ஜிஎல்-5 ஏறக்குறைய 600 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வடித்த ஆயிலைத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்தேன். பொன்துகள் தூவியதுபோல மெல்லிய மினுமினுப்பு. காந்தத்தில் ஒட்டாதது, பித்தளை. "இதெல்லாம் ரிங்கோடது ஐயா" என்றேன். அவர் ரொம்ப நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையேடு சொன்ன ஆயிலை ஊற்றி அனுப்பினேன். சில வாரம் கழித்து வந்தபோது செகண்ட் கியர் சுத்தமாகச் சரியாகியிருந்தது. தேர்ட் மட்டும், அவசரமாகப் போட்டால், இன்னும் லேசாக நெருடுகிறது. அது இனி அப்படித்தான் இருக்கும் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பானெட்டுக்குள் ஒரு அட்டையில் ஆயிலின் எண், ஜிஎல்-4, மாற்றிய தேதி, கிலோமீட்டர் எல்லாம் எழுதி, கம்பியால் கட்டிவிட்டேன். அடுத்த முறை இந்தக் காரை யார் திறந்தாலும் முதலில் அது கண்ணில் படட்டும்.