காய்ச்சல்காரரிடம் வேலையைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறோம்?

எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று டொக்டருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் வைத்தியசாலை எங்களுக்கு அறிவித்தல் அனுப்பிவிடும். அப்புறம் நோயாளியின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகரான என் வேலை. புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அப்படித்தான் போனேன். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், இன்னும் வார்டில் இருந்தார். வீட்டில் மனைவி மட்டும்தான். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன்.

"வேலையெல்லாம் இல்லைங்க ஐயா. ரிட்டயர் ஆகி ஈ.பி.எஃப். காசு எடுத்து ரெண்டு வருசமாச்சு. வீட்டோடதான் இருக்காரு."

"தொழில் இல்லை" என்று எழுதிவிட்டு எழும்பியிருப்பேன். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சாத்தி வைத்திருந்த மம்பட்டி கண்ணில் பட்டது. அதில் காய்ந்து ஒட்டியிருந்தது தோட்டத்துச் செம்மண் இல்லை, சாம்பல் நிற வயல் சேறு. இது யாருடையது அம்மா என்று கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. கீழே கிராமத்துப் பக்கம் ஒரு வயலில் வரப்பு வெட்ட மூன்று கிழமையாக நாட்கூலிக்குப் போயிருக்கிறார். அதே லயத்திலிருந்து இன்னும் நான்கு பேர் கூடப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு நாளாகக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்று பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கண் சிவந்திருந்தது. அன்று மாலையே அவரை வைத்தியசாலைக்கு அனுப்பினோம்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நம் தோட்டங்களில் வேலை என்றால் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) பேர் விழுகிற வேலைதான். வயலுக்குப் போவது, மரக்கறித் தோட்டத்தில் கரட் கழுவப் போவது, மாட்டுக்குப் புல் அறுப்பது எதையும் யாரும் வேலையாக எண்ணுவதில்லை. நான் விசாரித்த பல எலிக்காய்ச்சல்காரர்களுக்கு நோய் தொற்றியது இந்த இரண்டாவது வேலையில்தான்.

எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இந்தக் கிருமி இருக்கும். கால் வெடிப்பு, சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும். சிலருக்கு 2 நாளிலேயே வரலாம், சிலருக்கு 30 நாள்கூட ஆகலாம். ஆகவே இன்றைக்கு என்ன வேலை என்பது அரைக் கேள்விதான். காய்ச்சலுக்கு முந்தின ஒரு மாதத்தில் எங்கே இறங்கி வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். திகதி கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. "சம்பளத்துக்கு முந்தியா, பிந்தியா? போயாவுக்கு அடுத்த நாளா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

"தோட்டத் தொழிலாளி" என்று எழுதுவதிலும் பயன் குறைவு. கொழுந்து எடுப்பவரா, கவ்வாத்து வெட்டுபவரா, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலையா? கான் (வடிகால்) வெட்டுகிறவர் தண்ணீரில் நிற்கிறார். புதர் வெட்டுகிறவரை நுண்ணிய பூச்சி கடித்து டைபஸ் காய்ச்சல் வரலாம், அக்குளிலோ தொடை இடுக்கிலோ கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவருக்கு உணவு வழியாகப் பரவும் நெருப்புக் காய்ச்சல் (டைபாய்ட்) என்றால் எங்கள் கவலை அந்தப் பிள்ளைகளைப் பற்றி. கொழும்பில் கட்டட வேலை செய்யும் பையன் டெங்குவோடு நுவரெலியாவுக்கு வந்து படுத்தால், வீட்டு விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் லயத்தைச் சுற்றி நுளம்புக் குடம்பி தேடுவோம். கடித்த நுளம்பு கொழும்பிலேயே இருக்கும்.

நானும் வருடக்கணக்காக "கூலி" என்று எழுதியவன்தான். ஒருமுறை பழைய பதிவேட்டைப் புரட்டி, எந்த வேலைக்காரருக்கு அதிகம் வருகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கூலி, கூலி, கூலி. அத்தனை வீடு ஏறி இறங்கியும் கையில் ஒன்றும் இல்லை. இப்போது படிவத்தில் இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

மறைப்பதற்கும் காரணம் இருக்கிறது. "பேர் வெட்டிருவாங்களா ஐயா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 2020 அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா கொத்தணி வந்த பிறகு, கொழும்பிலிருந்து திரும்பிய பிள்ளைகளை லயத்திலேயே விரல் நீட்டிப் பேசினார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. வயல்காரரிடம் போனபோதும் யாருக்கு நோய் என்று சொல்லவில்லை. இந்த வயலில் இறங்குகிறவர்களுக்கு மாத்திரை வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மற்ற மூன்று பேருக்கும் டொக்சிசைக்கிளின் கொடுத்தோம். சேற்றில் வேலை இருக்கும்வரை கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது, அதனால் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்கோ வைத்தியசாலைக்கோ போனால், டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "போன மாசம் வயல்ல இறங்கினேன்", "கான் வெட்டினேன்", "கொழும்பிலயிருந்து முந்தாநாள்தான் வந்தேன்." கூட வேலை செய்தவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். அவர்களில் யாராவது இப்போது வீட்டில் பனடோலோடு படுத்திருக்கலாம்.